பல் தேய்த்த பிறகு

செப்டம்பர் 2, திங்கள்

தொண்டை டாக்டர் இன்றைக்குக் கறாராகச் சொல்லிவிட்டார். ஆபீசில் பேச்சைக் குறைக்க முடியாது என்றால் வீட்டிலாவது குறையுங்கள், இல்லாவிட்டால் இருக்கிற குரலும் போய்விடும் என்றார். மின்வாரியப் புகார் மையத்தில் உட்கார்ந்துகொண்டு பேச்சைக் குறைப்பது எப்படி? லைன்மேன் வந்துகொண்டிருக்கிறார் என்று எழுதியா காட்ட முடியும்? ஆகவே வீட்டில் குறைப்பது என்று முடிவாயிற்று. வாயால் சொல்ல முடியாததை இதில் எழுதிவைக்கப் போகிறேன். சர்ச்சில் கொடுத்த டைரி, ஜனவரியிலிருந்து சும்மா கிடந்தது.

வீட்டில் பேசுவதற்கு இருப்பதும் ஒரே ஆள்தான். மகள் கெசியா, பதினொன்றாம் வகுப்பு. அவளுடைய அப்பா தங்கதுரை ஓசூரில் ஒரு விதைக் கம்பெனியில் இருக்கிறார். மாதத்துக்கு ஒரு தடவை அழுக்குத்துணியோடு பாளையங்கோட்டைக்கு வந்து, துவைத்த துணியோடு போவார். அவரிடம் பேசுவதற்குத் தொண்டை அதிகம் தேவைப்படுவதில்லை.

செப்டம்பர் 3, செவ்வாய்

பேச்சைக் குறைத்த முதல் நாள். காலையிலேயே தோல்வி. குளியலறை விளக்கை அணைக்காமல் போய்விட்டாள். பேசாமல் எப்படி இருப்பது?

செப்டம்பர் 7, சனி

பல் டாக்டரிடம் போய்வந்தோம். கிளிப் போட்டு ஐந்தாறு மாதம் ஆகிறது. மேல்வரிசையில் கோரைப்பல் இரண்டும் பக்கத்துப் பல்லின்மேல் ஏறிக் கிடந்தவை, இப்போது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வரிசைக்கு வருகின்றன. நானும் அதே பல்வரிசைக்காரிதான். என் கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்தில்கூட நான் வாய் திறந்து சிரிக்கவில்லை. கேமராக்காரர் கெஞ்சிப் பார்த்துவிட்டு, "மணப்பொண்ணு கொஞ்சம் சீரியஸ் டைப்" என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார். இவளுக்கு அது வேண்டாம் என்றுதான் இவள் அப்பாவோடு சண்டை போட்டு இந்தக் கிளிப்பைப் போட வைத்தேன்.

டாக்டர் நிலோபர் சின்ன வயசுப் பெண். பொறுமை உண்டு. இன்று கம்பியை மாற்றும்போது கையை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"மேடம், இங்க பாருங்க. கிளிப்பைச் சுத்தி வெள்ளையா தெரியுதா?"

தெரிந்தது. முன்பல் இரண்டிலும், பக்கத்துப் பல்லிலும், கிளிப் ஒட்டியிருக்கிற சதுரத்தின் ஓரத்தில் சுண்ணாம்பு தொட்டு வைத்ததுபோலப் புள்ளி.

"இது அழுக்கு இல்ல, தேய்ச்சா போகாது. பல்லோட மேல்தோல், எனாமல், அதுல இருக்கிற சத்து கரைஞ்சு போகுது. கிளிப்பைச் சுத்தி உணவு தங்கிச்சுன்னா அதுல இருக்கிற கிருமி சர்க்கரையைத் தின்னுட்டு அமிலம் விடும். அதுதான் கரைக்குது. இப்பவே நிறுத்தணும். விட்டா பள்ளமாயிரும்."

"டெய்லி ரெண்டு நேரம் தேய்க்காளே டாக்டர்."

"தேய்க்கிற விதமும் இருக்குல்ல."

கம்பிக்கு அடியில் நுழைகிற குட்டி பிரஷ் ஒன்று எழுதிக் கொடுத்தார். ஃப்ளோரைடு அதிகமுள்ள பேஸ்ட். கூடவே ஒரு மாத்திரை. தேய்த்து முடித்ததும் அதை மென்று துப்பினால் அழுக்கு மிச்சமுள்ள இடமெல்லாம் ரோஸ் நிறமாகக் காட்டிக் கொடுக்குமாம். எனக்கு அந்த மாத்திரையை மிகவும் பிடித்துவிட்டது. ஆபீசில் லைன்மேன்களுக்கும் இப்படி ஒன்று இருந்தால் நன்றாக இருக்கும்.

செப்டம்பர் 8, ஞாயிறு

இன்றிலிருந்து சட்டம். சாக்லேட், மிட்டாய், கேக், கூல்டிரிங்ஸ் வீட்டுக்குள் வரக்கூடாது. காப்பியில் சீனி கிடையாது. பள்ளிக்கூடத்தில் யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் மிட்டாயை வாங்கித் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ராத்திரி நான் பக்கத்தில் நின்று பார்க்கும்போதுதான் பல் தேய்க்க வேண்டும்.

தேய்த்தாள். மாத்திரையை மென்றாள். கீழ்வரிசை முழுக்க ரோஸ். "இதுக்குப் பேர் தேய்க்கதா?" என்று ஆரம்பித்தேன், இருமல் வந்துவிட்டது. மறுபடி தேய்க்க வைத்தேன். அழுதுகொண்டே தேய்த்தாள். நான் என்ன, ஆசைக்கா செய்கிறேன்?

படுக்கப்போகும்போது வழக்கம்போலப் பனங்கற்கண்டு ஒரு துண்டு அவள் வாயில் போட்டு, போர்வையை இழுத்துவிட்டு வந்தேன். சர்ச் கொயரில் பாடுகிற பிள்ளை. சின்ன வயதில் சளி இழுத்து இழுத்துப் பாடாய்ப் படுத்தியவள், அப்போதிலிருந்தே இது உண்டு. என் ஹேண்ட்பேக்கிலும் ஒரு டப்பா எப்போதும் இருக்கும். உடன்குடியிலிருந்து வருகிற சுத்தமான சரக்கு, சீனிப்பாகு கலக்காதது. அது இல்லாவிட்டால் இத்தனை வருஷத்தில் என் தொண்டை என்றைக்கோ கடையை மூடியிருக்கும்.

செப்டம்பர் 17, செவ்வாய்

பாளை முழுக்க மின்தடை. ஒரு மனிதர் ஃபோனில் என் குடும்பம் மொத்தத்தையும் விசாரித்துவிட்டார். "சிரமத்துக்கு வருந்துகிறோம் சார்" என்றேன். ஒவ்வொரு அழைப்புக்கும் வருந்தி வருந்தி வீட்டுக்கு வரும்போது வருத்தம் எதுவும் பாக்கி இருப்பதில்லை, கோபம்தான் இருக்கிறது.

மாத்திரையில் இன்று ஒரே ஒரு பல் மட்டும் ரோஸ். சொன்னேன். "நல்லா தேய்ச்சிருக்க" என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு பல்லைத்தான் சொன்னேன்.

செப்டம்பர் 26, வியாழன்

ரோஸ் இல்லை. ஒரு பல்லில்கூட இல்லை. ஒரு வாரமாக இப்படித்தான்.

அக்டோபர் 5, சனி

மனசு சரியில்லை.

டாக்டர் நிலோபர் முதலில் பாராட்டினார். என்னிடம் வருகிற பிள்ளைகளில் இவ்வளவு சுத்தமாக வைத்திருப்பவர்கள் குறைவு என்றார். நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பிறகு கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தவர் விளக்கை இன்னும் கிட்டே இழுத்தார்.

"புள்ளி கூடியிருக்கு மேடம். நாலு பல்லுக்கு வந்திருச்சு."

"எப்படி? நான் பக்கத்துல நின்னு தேய்க்க வைக்கேன்."

"அதுதான் எனக்கும் புரியல. தேய்க்கிறது சரியா இருக்கு. அப்போ சர்க்கரை எங்கயோ இருந்து போகுது. அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமா எதாவது சாப்பிடுறாங்களா?"

"எங்க வீட்டுல இனிப்பே கிடையாது."

"ராத்திரி பல் தேய்ச்ச பிறகு?"

"தண்ணி மட்டுந்தான்" என்றேன்.

நாற்காலியில் படுத்திருந்த கெசியா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். எனக்கு அப்போதே சந்தேகம் தட்டிவிட்டது. குற்றமுள்ள கண் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? வராத லைன்மேன் வந்துவிட்டதாகச் சொல்லும் குரலை நான் தினமும் கேட்கிறவள்.

அடுத்த இரண்டு தடவைக்குள் நிற்காவிட்டால் கிளிப்பைக் கழற்றிவிடுவேன் என்றார் டாக்டர். வரிசை பாதியில் நிற்கும்தான், ஆனால் கோணல் பல்லோடு வாழலாம், கரைந்த பல்லோடு கஷ்டம் என்றார். அதற்குள் ஆபீசிலிருந்து அழைப்பு வந்து நான் வெளியே போனேன். திரும்பி வந்தபோது டாக்டர் ஒரு காகிதத்தில் பல் படம் வரைந்து அவளுக்கு ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். தூங்கும்போது எச்சில் ஊறாது, வாயைக் கழுவ ஆள் இருக்காது என்று காதில் விழுந்தது. கெசியா ரொம்ப கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் இப்படிக் கேட்டால் தேவலை.

வரும் வழியில் பஸ்ஸில், "என்னட்டி தின்னுத? உண்மையச் சொல்லு" என்றேன்.

"ஒண்ணும் தின்னலம்மா."

"பெறகு எப்படி வருது? காத்துலயா வருது?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ராத்திரி கற்கண்டு கொடுத்தபோது வாங்கி வாயில் அப்படியே வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். ஏதோ சொல்லப்போகிறாள் என்று நின்றேன். சொல்லவில்லை. போர்வையை இழுத்துவிட்டு வந்தேன்.

அக்டோபர் 9, புதன்

பையைச் சோதித்தேன். பேனா, வியர்வை நாற்றமடிக்கும் ஒரு கைக்குட்டை, கொயர் பாட்டுத்தாள்கள். மிட்டாய்க் காகிதம் ஒன்றுகூட இல்லை. ஒளித்து வைக்கத் தெரிந்துகொண்டாள் என்றுதான் அர்த்தம்.

அக்டோபர் 15, செவ்வாய்

மழை ஆரம்பித்துவிட்டது. இனி டிசம்பர் வரை எங்களுக்குத் தீபாவளி, கிறிஸ்துமஸ் ஒன்றும் கிடையாது. மரம் விழுந்தது, கம்பம் சாய்ந்தது, டிரான்ஸ்பார்மர் வெடித்தது. இன்று மதியச் சாப்பாட்டை மூடியைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கெசியா அதைச் சூடாக்கித் தட்டில் வைத்துக் கொடுத்தாள். அடுப்பை அணைத்தவள் சிலிண்டரை மூடவில்லை, அதைச் சொன்னேன்.

அக்டோபர் 19, சனி

எல்லாம் விளங்கிவிட்டது. பூரணி.

பூரணி இவளோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படிக்கிறவள். அவள் அப்பா சங்கரலிங்கம் சமாதானபுரத்தில் பேக்கரி வைத்திருக்கிறார். இவ்வளவு நாளாக எனக்கு ஏன் இது தோன்றவில்லை? பள்ளி விட்டதும் இரண்டு பேரும் அந்தக் கடை வழியாகத்தான் வருகிறார்கள். வெண்ணெய் பிஸ்கட், தேங்காய் பன், கிரீம் கேக் எல்லாம் கண்ணாடிக்குள் இருந்து கையாட்டிக் கூப்பிடும். எந்தப் பிள்ளைதான் சும்மா வரும்?

ஆபீசிலிருந்து நேரே கடைக்குப் போனேன். கூட்டம் இருந்தது. பரவாயில்லை என்று, சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டேன்.

"அண்ணாச்சி, எம்பிள்ள பல்லு கெட்டுப்போகுது. ஒங்க கடை இனிப்புதான் காரணம். இனிமே அவளுக்கு ஒண்ணும் குடுக்கப்படாது. ஒங்க மவகிட்டயும் சொல்லி வைங்க."

அவர் கல்லாவிலிருந்து எழுந்தே நின்றுவிட்டார். "நான் ஒண்ணும் குடுக்கலியேம்மா. பிள்ளைய ரெண்டும் தண்ணிதான் குடிச்சிட்டுப் போவும்."

"எனக்குத் தெரியும் அண்ணாச்சி" என்றேன். பஃப்ஸ் வாங்க நின்றவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பார்க்கட்டும். பூரணி உள்ளே மாவுத்தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவளும் பார்த்தாள்.

அக்டோபர் 20, ஞாயிறு

கெசியா ஆராதனைக்கு வந்தாள், பாடினாள், வீட்டுக்கு வந்தாள். என்னோடு ஒரு வார்த்தை இல்லை. பேசாமல் இருக்க டாக்டர் சொன்னது எனக்கு, கடைப்பிடிப்பது அவள்.

மாலையில் ஓசூரிலிருந்து அவள் அப்பா ஃபோன் செய்தார். அவளிடம் முதலில் பேசியிருப்பார் போல.

"எமிலி, கடையில போயா பேசுவ? வீட்டுல வச்சுக் கேட்டிருக்கலாம்லா."

"நீங்க ஓசூர்ல இருந்துக்கிட்டு நியாயம் சொல்லாதிய. இங்க வந்து ஒரு நாள் பாருங்க, தெரியும்."

"பிள்ள அழுதா."

"பல்லு போனா வாழ்நாள் முழுக்க அழுவா."

வைத்துவிட்டேன். ராத்திரி கற்கண்டோடு போனபோது சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். வாங்கமாட்டாளோ என்று நினைத்தேன். திரும்பாமலே கையை மட்டும் பின்னால் நீட்டி வாங்கிக்கொண்டாள். நிம்மதியாக இருந்தது. எனக்கு எதற்கு அவ்வளவு நிம்மதி என்று தெரியவில்லை.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. வருஷா வருஷம் பூரணி வீட்டிலிருந்து பலகாரத் தட்டு வரும். வரவில்லை. நல்லதுதான், வந்தால் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும்.

ஒரு முறுக்கு தின்ன வேண்டும்போல இருந்தது.

நவம்பர் 4, திங்கள்

பூரணி இப்போது வேறு வழியாகப் பள்ளிக்குப் போகிறாளாம். கெசியா தனியாகப் போய் வருகிறாள். அவளாகச் சொல்லவில்லை, எதிர்வீட்டு அக்கா சொன்னார்.

நவம்பர் 9, சனி

கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

புதிதாக ஒரு புள்ளியும் இல்லை. டாக்டர் இரண்டு தடவை விளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பழைய படத்தைக் கம்ப்யூட்டரில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "நின்னுருச்சு. என்ன மாத்துனீங்களோ அது சரி. அதை விட்றாதீங்க" என்றார். ஃப்ளோரைடு பூச்சு பூசினார். கிளிப்பைக் கழற்றும் பேச்சே இல்லை.

நான் பேக்கரிக் கதையைச் சொன்னேன். கொஞ்சம் விரிவாகவே சொன்னேன். டாக்டர் சிரித்துக்கொண்டே கெசியாவைப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை, கூரையில் ஓடும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸில், "பாத்தியா, அம்மா சொன்னது சரியாப் போச்சா?" என்றேன்.

"ம்."

"அன்னிக்கு ஏசுனதுக்கு இன்னிக்குப் பலன் கெடச்சிருக்கு."

"சரிம்மா" என்றாள். அவளுக்குப் பதினாறு வயதுகூட ஆகவில்லை. அந்த 'சரிம்மா'வைக் கேட்டால் நாற்பது வயது மனுஷி சொன்னதுபோல இருந்தது.

நவம்பர் 18, திங்கள்

இரண்டு ஷிப்டு. தாமிரபரணியில் தண்ணீர் ஏறுகிறது. குரல் சுத்தமாக இல்லை. வீட்டுக்கு வந்து சைகையால் சோறு கேட்டேன். சைகையால்கூட ஏச முடியும் என்று கண்டுபிடித்தேன்.

நவம்பர் 24, ஞாயிறு

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஆராதனை முடிந்து வந்து அவள் அறையைப் பெருக்கினேன். மழைக்கு வீடெல்லாம் எறும்பு. அவள் கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னலில் ஒரு வரிசை, சட்டத்தைத் தாண்டி வெளியே போகிறது. வெளியேயிருந்து உள்ளே வந்தால் சரி, உள்ளேயிருந்து வெளியே என்ன வேலை? ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தேன். கீழ்வீட்டு ஜன்னலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேடில், மழை படாத மூலையில், கருப்பாக மொய்த்துக் கிடந்தது.

பிடிபட்டாள் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக எனக்குச் சந்தோஷம்கூட வந்தது. விளக்குமாற்றுக் கட்டையால் ஒன்றை இழுத்து எடுத்தேன். எறும்பை ஊதிவிட்டுப் பார்த்தேன்.

பனங்கற்கண்டு. பாதி கரைந்து பிசுபிசுவென்று. அங்கே கிடந்ததெல்லாம் அதுதான். பழையது கரைந்து சிமெண்டில் கறையாகிக் கிடந்தது, புதியது முழுசாக, வாயில் போட்ட உடனே துப்பியதுபோல.

"கெசியா."

வந்தாள். என் கையில் இருந்ததைப் பார்த்தாள். ஓடவில்லை, பொய் சொல்லவில்லை. கட்டிலில் உட்கார்ந்தாள்.

"எத்தன நாளா இது?"

"டாக்டர் படம் வரைஞ்சு காட்டுனாங்கல்லா, அன்னிலேருந்து."

"எதுக்கு?"

"பல் தேய்ச்ச பெறகு இனிப்பு வாயில வச்சுக்கிட்டுத் தூங்குனா ராத்திரி முழுக்க ஊறிக்கிட்டே கிடக்கும், அதான் மோசம்னாங்க. என்ன இனிப்புன்னு கேட்டாங்க. நான் சொல்லல."

"இது இனிப்பு இல்லட்டி, இது..." என்று ஆரம்பித்தேன். கையில் பிசுபிசுத்தது. வாக்கியம் முடியவில்லை. தண்ணி மட்டுந்தான் என்று நான் டாக்டரிடம் சொன்னபோது அவள் தலையைத் திருப்பிப் பார்த்தாளே, அந்தப் பார்வை இப்போதுதான் வந்து சேர்ந்தது.

பூரணியின் அப்பா கல்லாவிலிருந்து எழுந்து நின்றதும் வந்து சேர்ந்தது.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா. கடையில போயி அத்தன பேருக்கு முன்னால பேசிட்டு வந்தேனே. அப்பவாவது சொல்லியிருக்கலாம்லா."

"சொன்னா குடுக்கமாட்டிய."

"வேண்டாததை எதுக்குக் குடுக்கணும்?"

அவள் ரொம்ப நேரம் விரிப்பின் நூலை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க காலையில எந்திரிச்சதுலேருந்து ஏசுவிய. ஆபீஸ்லேருந்து வந்தும் ஏசுவிய. பல்லு தேய்க்கும்போதும் ஏசுவிய. அது குடுக்க வாரப்ப மட்டும் ஏசமாட்டிய. போர்வைய இழுத்து விடுவிய. அது நின்னுருமேன்னுதான்."

நான் கையைக் கழுவப் போனேன். கழுவிக்கொண்டே இருந்தேன்.

நவம்பர் 25, திங்கள்

ஆபீஸ் போனேன். வந்தேன்.

நவம்பர் 26, செவ்வாய்

ராத்திரி அவள் அறைப்பக்கம் போகவில்லை. கையில் என்னத்தைக் கொண்டு போவது?

நவம்பர் 28, வியாழன்

பேக்கரிக்குப் போனேன். கூட்டம் இல்லாத நேரம் பார்த்துப் போகலாம் என்று இரண்டு நாள் யோசித்தேன். அன்றைக்குக் கூட்டத்தில்தானே பேசினேன் என்று மனசு குத்தியது. சாயங்காலம், பஃப்ஸ் சூடாக வந்து இறங்கும் நேரத்திலேயே போனேன்.

குரல் கட்டிக் கிடந்ததால் நான் பேசியது கேட்க எல்லாரும் கிட்டே வரவேண்டியதாகிவிட்டது.

"அண்ணாச்சி, நான் அன்னிக்குப் பேசுனது தப்பு. பிள்ள பல்லக் கெடுத்தது ஒங்க கடை இல்ல. நாந்தான். நான் குடுத்த கற்கண்டு."

அவர் ஒரு வாடிக்கையாளருக்கு மிச்சச் சில்லறை கொடுத்தார். பிறகு, "நீங்க பேசுனது எனக்கு ஒண்ணுமில்லம்மா. எம்மவ ரெண்டு நாள் சாப்பிடல. அதைத்தான் தாங்க முடியல" என்றார்.

"பூரணிகிட்டயும் சொல்லணும்."

"உள்ள இருக்கா. போயிச் சொல்லுங்க."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நான் எதிர்பார்த்திருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது. உள்ளே போனேன். பூரணி எழுந்து நின்றாள். சொன்னேன். "பரவால்ல ஆன்ட்டி" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். சின்னப் பிள்ளையிலிருந்து என் வீட்டுச் சோற்றைத் தின்ற பிள்ளை. கெசியாவோடு மறுபடி சேர்ந்து போவாளா என்று கேட்க வாய் வரவில்லை.

டிசம்பர் 2, திங்கள்

என் டப்பாவையும் குப்பையில் கொட்டினேன். ஆபீசில் இருமிக்கொண்டே பேசினேன். பக்கத்து மேஜைக்காரி வெந்நீரை ஊற்றிக் கொடுத்தாள். வெந்நீரும் வேலை செய்கிறது. இத்தனை வருஷம் எனக்கு இது தோன்றாமல் போனதே என்று எரிச்சல் வந்தது.

டிசம்பர் 7, சனி

டாக்டர் நிலோபரிடம் நானே சொன்னேன். கெசியா அந்த நாற்காலியில் படுத்திருக்க, பக்கத்தில் நின்று சொன்னேன்.

"பல் தேய்ச்ச பிறகு தண்ணி மட்டுந்தான்னு சொன்னேன்ல டாக்டர். பனங்கற்கண்டு குடுத்துக்கிட்டிருந்தேன். தெனமும், நானே."

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் தேவலை. "நிறைய பேர் அப்படித்தான் மேடம். பனங்கற்கண்டு, கருப்பட்டி, தேன் எல்லாத்தையும் மருந்துன்னு நினைச்சுருவாங்க. பல்லுக்கு அந்த வித்தியாசம் தெரியாது" என்றார்.

"அந்த வெள்ளை போயிருமா?"

"புதுசா வராது. பழசு கொஞ்சம் மங்கும். நாலு பல்லுல தடம் இருக்கும். கிளிப் கழட்டின பிறகு வெளிச்சத்துல சிரிச்சா தெரியும். வேணும்னா அப்போ அதுக்கு வைத்தியம் இருக்கு, ஆனா முழுசா பழையபடி ஆகும்னு நான் பொய் சொல்ல மாட்டேன்."

வாய் திறந்து சிரிக்கட்டும் என்றுதான் கிளிப் போட்டேன். நான் கொடுத்ததே அந்தச் சிரிப்பில் தெரியப்போகிறது. எனக்கு அங்கேயே அழுகை வந்தது. டாக்டர் டிஷ்யூ நீட்டினார். கெசியா வாயில் பஞ்சு வைத்திருந்ததால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. என் புடவை முந்தானையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

டிசம்பர் 8, ஞாயிறு

கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் போய்ப் பாடும் கேரல் ரவுண்ட்ஸுக்கு இன்று ஒத்திகை. வந்து சாப்பிட்டு, பல் தேய்த்து, நான் பக்கத்தில் நிற்காமலே தேய்த்து, படுக்கப் போனாள்.

நான் சமையலறையில் பாத்திரத்தைத் துடைத்தேன். துடைத்ததையே மறுபடி துடைத்தேன். இந்த இரண்டு வாரமும் இந்த நேரம் வந்தால் எனக்கு என்ன செய்வதென்று தெரிவதில்லை. பெற்ற பிள்ளையிடம் போவதற்கு எனக்கு ஒரு துண்டு கற்கண்டு வேண்டியிருந்திருக்கிறது. அவளுக்குத்தான் அது வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போனேன். வாசலில் நின்றேன். கொயர் சேலை மடிக்காமல் நாற்காலியில் கிடந்தது. மின்விசிறி முழு வேகத்தில் சுற்றுகிறது, ஆனால் போர்வையும் போர்த்தியிருக்கிறாள். ஃபோன் சார்ஜில் தலைமாட்டில். மூன்றுக்கும் மூன்று வாக்கியம் தொண்டைவரை வந்து நின்றன. விழுங்கினேன்.

அவள் என் கையைப் பார்த்தாள். இரண்டு கையையும் பார்த்தாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. சும்மாதான் வந்தேன்."

"சும்மாவா?"

"ஆமா. சும்மாதான்."

நான் சொன்னதை அவள் நம்பவில்லை. எதையாவது மறந்து வந்துவிட்டேனோ, இனிமேல்தான் ஏசப்போகிறேனோ என்று கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சுவரோரம் நகர்ந்து இடம் விட்டாள்.